டை ராடு எண்டு மாத்துறதுக்கு முன்னாடி யாராச்சும் எனக்கு இதெல்லாம் சொல்லிருக்கலாம்

முன் டயர் ரெண்டும் உள் ஓரத்துல மட்டும் மொட்டையாகி, வெளி ஓரத்துல பட்டன் இன்னும் பாதிக்கு மேல இருக்குற நிலைமைல தான் எனக்கு விஷயமே உறைச்சுது. வண்டிய நேரா நிறுத்தி வச்சு பாத்தா ஒண்ணும் தெரியாது, ஸ்டியரிங்க ஒரு பக்கமா முழுசா ஒடிச்சு வச்சுட்டு சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு பாத்தா தான் உள் ஓரம் கண்ணுல படும், அப்படி யாரு தினமும் குனிஞ்சு பாக்குறா. பாத்தப்போ ஒரு பக்கம் உள்ள இருக்குற கம்பியே வெளிய எட்டிப் பாக்க ஆரம்பிச்சிருந்துது. இந்த டயர்ல தான் குடும்பத்த ஏத்திக்கிட்டு ஹைவேல 100ல போயிட்டு வந்துருக்கேன்னு நினைச்சப்போ வயித்த கலக்கிடுச்சு. பாதி ஆயுசு மிச்சம் இருந்த ரெண்டு டயர தூக்கிப் போட்டது தான் இதுல எனக்கு ஆன பெரிய நஷ்டம். ஸ்டியரிங் திருப்பத்த முன் சக்கரத்துக்கு கொண்டு போற கம்பி தான் டை ராடு, அதோட நுனில இருக்குற ஜாயின்ட் தான் எண்டு. தேஞ்சு போன அந்த ஜாயின்ட்டோட விலை அந்த டயர் விலைக்கு பக்கத்துல கூட வராது.

எரிச்சல் என்னன்னா, வண்டி லேசா அலையுதுன்னு பல மாசமா நான் வொர்க்‌ஷாப்ல சொல்லிக்கிட்டே தான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் "அலைன்மென்ட் பண்ணிடலாம் சார், சரியாயிடும்"னு சொல்லி, சக்கரம் நிக்குற கோணத்த அளந்து திருத்துற மெஷின்ல ஏத்தி, எல்லா நம்பரும் பச்சைல இருக்குற ஒரு பேப்பர கைல குடுத்து காசு வாங்கிக்கிட்டாங்க. கொஞ்ச நாள் நல்லா இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவ திறடி தான். ஏன்னு பின்னாடி தான் புரிஞ்சுது. ஜாயின்ட்டுக்குள்ள ஆட்டம் இருந்தா, மெஷின் மேல நிக்கும்போது சக்கரம் எந்த இடத்துல நிக்குதோ அந்த இடத்த தான் மெஷின் அளக்கும், வண்டி ஓடும்போது ரோடு சக்கரத்த தள்ளும், ஆட்டம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு தூரம் சக்கரம் தன் இஷ்டத்துக்கு திரும்பிக்கும். அதாவது பச்சை நம்பர் பொய் இல்ல, ஆனா அது நின்ன வண்டியோட நம்பர். உருப்படியா வேலை தெரிஞ்சவங்க அலைன்மென்ட்டுக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே சக்கரத்த புடிச்சு ஆட்டிப் பாப்பாங்க, ஆட்டம் இருந்தா முதல்ல அத மாத்திட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க. உங்க சக்கரத்த யாரும் கையால தொட்டே பாக்காம நேரா மெஷின மாட்டுறாங்கன்னா அங்கயே நிறுத்தி கேளுங்க.

அறிகுறி எல்லாம் முன்னாடியே இருந்துது. நேர் ரோட்டுல ஸ்டியரிங்க சும்மா புடிச்சுக்கிட்டு போக முடியாம சின்னச் சின்னதா திருத்திக்கிட்டே இருக்க வேண்டி வந்துது, பள்ளத்துல ஏறி இறங்குனா ஸ்டியரிங் வழியா கைல ஒரு 'டக்', ஸ்டியரிங்க நடுவுல வச்சு லேசா இப்படி அப்படி அசைச்சா சக்கரம் அசையாம ஒரு சின்ன காலி இடம். இன்னொண்ணு டயர்லயே தெரியும். டயர் பட்டன் மேல உள்ளங்கைய குறுக்கால ஒரு தடவ உள்ள இருந்து வெளியவும், ஒரு தடவ வெளிய இருந்து உள்ளயும் தடவிப் பாருங்க, ஒரு திசைல வழவழன்னும் எதிர்த் திசைல ரம்பப் பல்லு மாதிரி சுரண்டுற மாதிரியும் இருந்தா டோ கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். டோங்குறது ரெண்டு முன் சக்கரமும் ஒண்ண ஒண்ணு பாத்து உள்ள திரும்பியிருக்கா வெளிய திரும்பியிருக்காங்குற கணக்கு. டயர சீக்கிரம் தின்னுறதுல கேம்பர, அதாவது சக்கரம் மேல கீழ சாஞ்சிருக்குற கோணத்த விட டோ தான் பெரிய ஆளு.

சரி, நானே பாக்கலாம்னு இறங்குனேன். மகள டிரைவர் சீட்ல உக்கார வச்சேன். இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக் போட்டாச்சு, ஸ்டியரிங் லாக் மட்டும் எடுத்தாச்சு, நாலு சக்கரமும் தரைல. ஸ்டியரிங்க ரொம்ப திருப்பாம இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு லேசா அசைச்சுக்கிட்டே இருன்னு சொல்லிட்டு, நான் சக்கரத்துக்குப் பின்னாடி கைய விட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டா தொட்டுப் பாத்தேன். கண்ணால பாக்குறத விட விரல் நல்லா சொல்லும். டை ராடு எண்டுல, அதாவது நக்கிள்ல (சக்கரத்த தாங்கித் திரும்புற இரும்பு) வந்து மாட்டுற வெளி ஜாயின்ட்டுல, பாதி விரல் ஜாயின்ட்டு உடம்புலயும் பாதி விரல் நக்கிள்லயும் படுற மாதிரி வச்சா, ரெண்டும் ஒண்ணா அசையணும். எனக்கு உடம்பு முதல்ல அசைஞ்சு அப்புறமா தான் நக்கிள் அசைஞ்சுது. "போதுமாப்பா, கை வலிக்குது"ன்னு உள்ள இருந்து சத்தம் வர வர இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு எல்லாத்தையும் பாத்து முடிச்சேன். உள் ஜாயின்ட், ராக்கோட (ஸ்டியரிங் திருப்புனா இடது வலதா நகர்ற பல்லு வச்ச தண்டு) ரப்பர் பெல்லோஸுக்குள்ள, அதாவது மடிப்பு மடிப்பா இருக்குற உறைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், பெல்லோஸ வெளிய இருந்தே அமுக்கிப் புடிச்சா உள்ள அந்த குண்டு ஜாயின்ட் கைல சிக்கும், அப்படியே அசைக்கச் சொன்னா அங்கயும் 'டிக் டிக்'னு தெரிஞ்சுது.

ஆனா ஒரு விஷயம், டை ராடு தான் குத்தவாளின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி மத்ததையும் விலக்கணும், ஏன்னா அறிகுறி எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு குழம்பும். சக்கரத்த தூக்கி ஸ்டாண்டுல நிக்க வச்சு, கடிகாரத்துல 9 மணி 3 மணி இருக்குற இடத்துல ரெண்டு கையாலயும் புடிச்சு ஆட்டுனா டை ராடு ஆட்டம் தெரியும். 12 மணி 6 மணி இடத்துல புடிச்சு ஆட்டும்போது ஆட்டம் இருந்தா அது சக்கரத்த கீழ இருந்து புடிச்சிருக்குற லோயர் ஆர்மோட பால் ஜாயின்ட்டாவோ வீல் பேரிங்காவோ இருக்கலாம். இந்த ரெண்டுல எதுன்னு பிரிக்க ஒரு எளிய வழி இருக்கு, ஒருத்தர பிரேக்க அமுக்கிப் புடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க, ஆட்டம் காணாம போனா பேரிங், அப்படியே இருந்தா பால் ஜாயின்ட். பிரேக் புடிச்சா டிஸ்க்கும் நக்கிளும் ஒண்ணா பூட்டிக்கும், பேரிங்க்கு ஆட இடம் இருக்காது, அதான் காரணம். ஸ்டியரிங்ல கை உதறாம, சின்ன மேடு பள்ளத்துல மட்டும் 'லொட லொட'ன்னு சத்தம் வந்தா பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் தான், வளைவுல வண்டி சாயாம தடுக்குற கம்பியோட இணைப்பு. அது சத்தம் போடும், ஆனா டயர திங்காது. சத்தத்துக்கு பயந்து லிங்க்க மாத்திட்டு, சத்தமே போடாம டயர தின்னுக்கிட்டு இருக்குற டை ராட விட்டுடுறவங்க தான் நிறைய.

பார்ட்ஸ் வாங்குறதுல எனக்கு ஒரு வாரமே போச்சு. மாடல் பேரும் வருஷமும் சொல்லி ஆர்டர் போட்டேன், வந்தது பாக்க ஒரே மாதிரி தான் இருந்துது, பழச பக்கத்துல வச்சு பாத்தா உள் ராடு நீளம் கம்மி. அதே மாடல்லயே பவர் ஸ்டியரிங் வகைய பொறுத்து ராடு நீளமும் மரை அளவும் மாறுமாம், விக்கிறவர் அதப்பத்தி கேக்கவே இல்ல. திருப்பி அனுப்பி மாத்தி வாங்குற வரைக்கும் வண்டி நின்ன இடத்துலயே நின்னுது. அதனால சேஸிஸ் நம்பர குடுத்து பார்ட் நம்பர உறுதி பண்ணிக்கிட்டு தான் வாங்கணும். வெளி எண்டுல இடது வலது வேற வேறயா இருக்கும், பல வண்டில எண்டோட கழுத்து வளைஞ்சிருக்கும், மாத்திப் போட முடியாது. எண்டு வாங்கும்போதே செக் நட்டு (எண்ட ராடுல நகராம பூட்டுறது), ஸ்ப்ளிட் பின் (நட்டு கழலாம குறுக்க சொருகுற கம்பி) இல்லன்னா புது நைலான் நட்டு, உள் ராடு மாத்துறதா இருந்தா பெல்லோஸும் ரெண்டு கிளிப்பும் சேத்து வாங்கிடுங்க. பழைய பெல்லோஸ் பாக்க நல்லா இருக்கும், கழட்டி மாட்டும்போது மடிப்புல கிழியும். கிழிஞ்ச பெல்லோஸ் வழியா தண்ணியும் மண்ணும் போனா ராக்கே துருப்புடிக்கும், அப்புறம் செலவு வேற லெவலுக்கு போயிடும். பெல்லோஸ கழட்டும்போது உள்ள இருந்து பவர் ஸ்டியரிங் ஆயில் கொட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திடுங்க, ராக் சீல் போயிருக்கு, டை ராடு மாத்தி பிரயோஜனம் இல்ல.

எண்டுல விலை கம்மியானது, நடு, அசல் கம்பெனிதுன்னு மூணு ரகம் கிடைச்சுது. இந்த ஒரு இடத்துல மிச்சம் புடிக்காதீங்கங்குறது என்னோட அபிப்பிராயம். இந்த ஜாயின்ட்டுக்குள்ள இருக்குறது ஒரு இரும்பு உருண்டை, அத சுத்தி பிளாஸ்டிக் கிண்ணம், கிரீஸ், மேல ஒரு ரப்பர் மூடி, அவ்வளவு தான். அந்த ரப்பர் மூடி தரம் இல்லாம சீக்கிரம் வெடிச்சா மண்ணு உள்ள போகும், கிரீஸ் வெளிய போகும், அப்புறம் உருண்டை தானா கிண்ணத்த அரைச்சுக்கும். என் பழைய எண்டுலயும் மூடி அடிப்பக்கம் தான் வெடிச்சிருந்துது, மேல இருந்து பாத்தா தெரியல. கடைசி வரைக்கும் விட்டா உருண்டை கிண்ணத்த விட்டு வெளிய வந்துடும், அப்போ அந்தப் பக்க சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் சம்பந்தமே இருக்காது. இது தேஞ்சா வெறும் தொந்தரவு இல்ல, உயிரு.

வேலைக்கு முன்னாடி பாதுகாப்பு பத்தி ஒரு வார்த்தை, சலிச்சுக்காம படிங்க. தரை சமமா, கெட்டியா இருக்கணும், மண் தரைல ஜாக்கி புதையும். பின் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை, ஹேண்ட்பிரேக், கியர். சக்கர நட்ட தரைல இருக்கும்போதே லேசா தளர்த்திடணும், தூக்குன பிறகு பலம் போட்டா வண்டி ஆடும். ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும் தான், தாங்குறதுக்கு ஸ்டாண்டு. முன்பக்கம் ரெண்டையும் தூக்கி ரெண்டு ஸ்டாண்டுல நிறுத்துனா ஸ்டியரிங் லேசா திரும்பும், வேலை சுலபம். கழட்டுன சக்கரத்த வண்டிக்கு அடில படுக்க வச்சிடுங்க, ஸ்டாண்டு சரிஞ்சாலும் ஒரு இடைவெளி மிஞ்சும். இந்த வேலைல சுத்தியல் அடி இருக்கு, முழு பலத்தோட இழுக்குற வேலை இருக்கு, அதனால சும்மா ஆயில் மாத்துற வேலைய விட வண்டி அதிகமா ஆடும்னு மனசுல வச்சுக்கோங்க.

முதல் நாள் ராத்திரியே செக் நட்டு மரைலயும் எண்டு நட்டுலயும் துரு இளக்குற ஆயில் அடிச்சு விட்டேன், அதுக்கு முன்னாடி கம்பி பிரஷ்ல மரைல இருக்குற மண்ண தேச்சு எடுத்தேன், இல்லன்னா நட்டு அந்த மண்ணையும் இழுத்துக்கிட்டு மரைய கெடுக்கும். அடுத்து அளவு. இது தான் பலரும் அவசரத்துல விடுற இடம். எண்டோட உருண்டை நடுவுல இருந்து உள் ராடுல மாறாத ஒரு இடம் வரைக்கும் அளந்து எழுதி வச்சுக்கணும், வெர்னியர் இருந்தா நல்லது. எத்தன சுத்துல கழண்டுச்சுன்னு எண்ணி வச்சா போதும்னு சொல்வாங்க, ஆனா புது எண்டுல மரை ஆழம் கொஞ்சம் மாறியிருந்தா அந்த எண்ணிக்கை பொய்யாயிடும், நான் ரெண்டையும் குறிச்சேன். அப்புறம் ஒரு பக்கத்த முழுசா முடிச்சிட்டு தான் அடுத்த பக்கத்த தொடணும், சந்தேகம் வந்தா எதிர்ப்பக்கத்த பாத்துக்கலாம்.

செக் நட்ட, எண்டு நக்கிள்ல மாட்டியிருக்கும்போதே இளக்கிடணும். எண்டு கழண்டு தொங்குன பிறகு இளக்கப் போனா ராடு கூடவே சுத்தும், புடிச்சுக்க ஆளே இருக்காது. இளக்குறது கால் சுத்து போதும். ராடுல ஸ்பானர் போடுற மாதிரி தட்டையான இடம் இருக்கும், ஒரு ஸ்பானர் அங்க, ஒரு ஸ்பானர் செக் நட்டுல, ரெண்டையும் ஒண்ண ஒண்ணு பாத்து நெருக்கணும், அப்போ தான் பலம் ராக்குக்கு போகாது. என் வண்டில வலது பக்கம் மளமளன்னு கழண்டுடுச்சு, இடது பக்கம் அசையவே மாட்டேன்னு அடம். ஆயில், காத்திருப்பு, மறுபடி ஆயில், நீளமான பைப்ப ஸ்பானர்ல சொருகி நெருக்குனா ஸ்பானர் வழுக்கி நட்டு மூலை மழுங்க ஆரம்பிச்சுது. அங்க நான் உக்காந்துட்டேன். கையெல்லாம் கிரீஸ், முழங்கை தோல் உரிஞ்சிருக்கு, இருட்டுது, மறுநாள் வண்டி வேணும், பேசாம காசு குடுத்து செஞ்சிருக்கலாமோன்னு தோணுச்சு. கடைசில ஹீட் கன் வச்சு நட்ட மட்டும் நல்லா சூடாக்கி, ஆற விட்டு, மறுபடி சூடாக்கி, சூட்டோட நெருக்குன பிறகு தான் 'க்ரீச்'சுன்னு விட்டுது. நெருப்பு வைக்காதீங்க, பக்கத்துலயே ரப்பர் பெல்லோஸும் பிரேக் ஹோஸும் இருக்கு, அடிச்ச ஆயிலே தீப்புடிக்கும், ஹீட் கன்னா இருந்தாலும் ஆயில துடைச்சிட்டு வைங்க. அப்புறம் மரை எந்தப் பக்கம் சுத்துதுன்னு முதல்லயே வெறும் மரைய பாத்து உறுதி பண்ணிக்கோங்க, சில வண்டில ஒரு பக்கம் இடது மரை வரும், கழட்டுறேன்னு நினைச்சு இறுக்கிக்கிட்டு இருப்பீங்க.

அடுத்தது டேப்பர். இந்த வேலையோட மையமே இது தான். எண்டோட தண்டு கூம்பா இருக்கும், நக்கிள் ஓட்டையும் கூம்பு, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கடிச்சுப் புடிச்சுக்கும், நட்டோட வேலை அத உள்ள இழுத்து வைக்கிறது மட்டும் தான். அதனால நட்ட கழட்டுன பிறகும் எண்டு அசையாது. நட்டு கழண்டுச்சே, ஏன் வரலன்னு குழம்பி தண்டு நுனில சுத்தியலால அடிச்சா மரை நசுங்கும், எண்டு அப்படியே தான் இருக்கும். கவட்டை மாதிரி இருக்குற ஃபோர்க்க அடிச்சு செருகலாம், ஆனா அது ரப்பர் மூடிய கிழிச்சிடும், தூக்கிப் போடப் போற எண்டுன்னா பரவால்ல, லோயர் பால் ஜாயின்ட்ட திருப்பி மாட்டணும்னா அத பக்கத்துலயே கொண்டு வராதீங்க. நல்லது திருகு வச்ச புல்லர். நட்ட முழுசா எடுக்காம நுனி வரைக்கும் தளர்த்தி விட்டுட்டு புல்லர மாட்டுங்க, எண்டு தெறிக்கும்போது நட்டு புடிச்சுக்கும். புல்லர நல்லா நெருக்கியும் வரலன்னா இன்னும் இன்னும் நெருக்காதீங்க, அந்த நெருக்கத்த அப்படியே வச்சுட்டு, தண்டு நுழையுற நக்கிள் காது இருக்கே, அதோட பக்கவாட்டுல சுத்தியலால ரெண்டு நல்ல அடி. தண்டுல இல்ல, காதுல. அடியோட அதிர்ச்சில ஓட்டை ஒரு நொடி கோணும், கூம்பு கடிய விடும். துப்பாக்கி வெடிச்ச சத்தத்தோட தெறிச்சுது, நானே பின்னாடி உக்காந்துட்டேன். முகத்த எதிர்ல வைக்காதீங்க, கண்ணாடி போட்டுக்கோங்க. கழண்ட பிறகு பிரேக் ஹோஸ இழுக்காம பாத்துக்கணும்.

உள் ராடு மாத்துறதா இருந்தா அதுக்கு குழாய் வடிவ ஸ்பானர் ஒண்ணு தேவை, சாதா ஸ்பானர் போக இடம் இருக்காது. சில வண்டில பூட்டு வாஷர் மடிச்சு விட்டிருக்கும், முதல்ல அத நிமுத்தணும், புதுசு போடும்போது புது வாஷர மடிச்சு விடணும், வாஷர் இல்லாத வண்டில மரைக்கு லாக் பசை. கழட்டும்போது ராக் தண்டு சுத்தாம இன்னொரு ஸ்பானரால அதுல இருக்குற தட்டை இடத்த புடிச்சுக்கணும், ஸ்டியரிங் லாக்க நம்பி நெருக்குனா அந்த முறுக்கு முழுசும் ராக்கோட பல்லுக்கு போகும். ராக் தண்டு பளபளப்புல ஒரு கீறல் கூட விழக்கூடாது, ஹைட்ராலிக் ஸ்டியரிங்னா அந்த பளபளப்பு மேல தான் சீல் ஓடுது. ராடு ரெண்டும் கழண்டு இருக்கும்போது ஸ்டியரிங்க விளையாட்டா கடைசி வரைக்கும் வேகமா அடிச்சு திருப்பாதீங்க, சக்கரத்தோட எடை இல்லாம ராக் நேரா ஸ்டாப்பர்ல போய் இடிக்கும்.

மாட்டுறது அதோட ஒப்பிட்டா சுலபம், ஆனா மூணு நாலு இடத்துல சிக்கல் வரும். கூம்பு ரெண்டையும் துணியால துடைச்சு காய வைக்கணும், கிரீஸ் தடவக் கூடாது, வழுக்குனா கடி புடிக்காது. நட்ட இறுக்கும்போது தண்டு கூடவே சுத்துச்சுன்னா, தண்டு நுனில ஆலன் கீ ஓட்டை இருக்கான்னு பாருங்க, இல்லன்னா எண்டுக்கு அடில ஜாக்கிய வச்சு லேசா மேல அமுக்குனா கூம்பு கடிச்சுக்கும், நட்டு தானா இறுகும். இத யாரும் எனக்கு சொல்லல, நான் பாதி சாயங்காலத்த அந்த நட்டோட சுத்திக்கிட்டே கழிச்சேன். கிரீடம் மாதிரி வெட்டு வச்ச நட்டுன்னா மேனுவல்ல சொன்ன டார்க் (இறுக்குற பலத்தோட அளவு) வந்த பிறகு பின் ஓட்டை நேரா வரலன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கி தான் ஓட்டைய கொண்டு வரணும், தளர்த்தி கொண்டு வரக்கூடாது. நைலான் நட்டு ஒரு தடவைக்கு தான். செக் நட்ட கடைசியா இறுக்கும்போது எண்டு உடம்பு ஒரு பக்கமா சாஞ்சு முறுக்கிக்கும், அப்படியே விட்டா ஸ்டியரிங் ஒடிக்கும்போது உருண்டை முட்டி ரப்பர் மூடி கிழியும், அதனால உடம்ப நடு நிலைல புடிச்சுக்கிட்டே இறுக்குங்க. கையோட லோயர் ஆர்மும் மாத்துறவங்களுக்கு ஒண்ணு, புஷ் போல்ட்ட சக்கரம் தொங்கும்போது முழுசா இறுக்காதீங்க, வண்டி எடை சக்கரத்துல இறங்குன பிறகு தான் கடைசி இறுக்கு, இல்லன்னா ரப்பர் புஷ் எப்பவும் முறுக்குலயே நின்னு சீக்கிரம் கிழியும்.

அளந்து தான மாட்டுனோம், அலைன்மென்ட் எதுக்குன்னு எனக்கும் ஒரு நப்பாசை இருந்துது. கணக்கு போட்டுப் பாத்தேன். ராடு மரை ஒரு சுத்துக்கு 1.5 மிமீ நகரும், நக்கிள் கை நீளம் 140 மிமீன்னு வச்சுக்கிட்டா, ஒரே ஒரு சுத்து வித்தியாசம் சக்கரத்த 0.6 டிகிரி திருப்பிடும். 15 இன்ச் ரிம்ல அது முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் நடுவுல 4 மிமீ. அலைன்மென்ட் மெஷின் பேப்பர்ல டோவுக்கு குடுக்குற இடைவெளியே டிகிரில பத்துல ஒண்ணு ரெண்டு தான். அப்போ அரை சுத்து தப்பினாலே டயர் மறுபடி காலி. வீட்டுல அளந்து மாட்டுறது அலைன்மென்ட் கடை வரைக்கும் பத்திரமா ஓட்டிட்டு போறதுக்கு மட்டும் தான்.

அந்த தூரத்துக்கும் நூல் கட்டி ஒரு தடவ சரி பாத்துக்கிட்டேன். வண்டிக்கு ரெண்டு பக்கமும் சக்கரத்தோட நடு உயரத்துக்கு நூல், முன் ஹப்புல இருந்து நூல் தூரம் இடதும் வலதும் சமம், பின் ஹப்புலயும் இடதும் வலதும் சமம், ரெண்டு நூலுக்கும் நடுவுல இருக்குற தூரம் முன்னயும் பின்னயும் ஒண்ணு. முன்னையும் பின்னையும் ஒப்பிட்டா ஹப் தூரம் மாறலாம், ஏன்னா முன் பின் சக்கர அகலம் ஒண்ணா இருக்காது. அப்புறம் ஸ்டியரிங்க நேரா வச்சு கட்டிட்டு ரிம்மோட முன் ஓரம், பின் ஓரம் ரெண்டுல இருந்தும் நூலுக்கு அளந்தா அந்த சக்கரத்தோட டோ வந்துடும். திருத்துறதுக்கு முன்னாடி பெல்லோஸோட சின்ன கிளிப்ப தளர்த்தி விடுங்க, இல்லன்னா ராடோட சேந்து பெல்லோஸும் முறுக்கிக்கும். டை ராடு ஆக்சிலுக்குப் பின்னாடி இருக்குற வண்டில ராட சுருக்குனா சக்கர முன்பக்கம் வெளிய போகும், ஆக்சிலுக்கு முன்னாடி இருந்தா தலைகீழ், இத மாத்திப் புரிஞ்சுக்கிட்டா திருத்தத் திருத்த மோசமாகும்.

அலைன்மென்ட் இந்தத் தடவ வேற கடைல பண்ணேன். வெளிய வந்து ஓட்டுனா நேரா போகுது, ஆனா ஸ்டியரிங் கொஞ்சம் சாஞ்சு நிக்குது. உடனே திருப்பி உள்ள விட்டேன். ஸ்டியரிங்க நேரா லாக் பண்ணி வச்சுட்டு ரெண்டு ராடையும் தனித்தனியா சரி பண்ணனும், அது தான் முறை. ஸ்டியரிங்க கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டி தர்றோம்னு யாராச்சும் சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, அங்க ஏர்பேக் இருக்கு, அதுக்குள்ள சுருள் வயர் இருக்கு. எலக்ட்ரிக் ஸ்டியரிங், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்குற வண்டில ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார ஸ்கேனர் வச்சு ஜீரோ பண்ண வேண்டி வரலாம், டாஷ்போர்டுல லைட் எரிஞ்சா பயப்படாம முதல்ல இத கேளுங்க.

எல்லாம் முடிஞ்சு கூட்டிப் பாத்தா, புல்லரு, குழாய் ஸ்பானரு, டார்க் ரென்ச்சு எல்லாம் வாங்குனதுல கூலி மிச்சம்னு பெருசா ஒண்ணும் இல்ல, நேரம் தான் கூடுதலா போச்சு. ஆனா இப்ப டூல்ஸ் கைல இருக்கு, எந்த ஜாயின்ட் எப்படி இருக்குன்னு எனக்கே தெரியும். அதுக்காக எல்லாத்தையும் வீட்டுல செய்யச் சொல்ல மாட்டேன். ராக்குக்குள்ளயே ஆட்டம் இருந்தா அட்ஜஸ்டர் ஸ்க்ரூவ நெருக்கிப் பாக்கலாம்னு கை அரிக்கும், பண்ணாதீங்க, பல்லு நடுவுல தான் அதிகம் தேஞ்சிருக்கும், நடுவுக்கு சரியா நெருக்குனா ஓரத்துல ஒடிக்கும்போது இறுகிப் புடிக்கும். பிரஸ் வச்சு ஏத்துற பால் ஜாயின்ட்டும் வொர்க்‌ஷாப் வேலை தான்.

மாட்டுன உடனே செக் நட்டுலயும் ராடுலயும் சேத்து பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிடுங்க, அலைன்மென்ட்ல நட்ட தொட்டிருப்பாங்க, அதனால திரும்பி வந்த பிறகு புதுசா இன்னொரு கோடு. 50, 100 கிலோமீட்டர் ஓடுன பிறகு சக்கர நட்ட ஒரு தடவ டார்க் ரென்ச்ல பாத்துட்டு, அப்படியே குனிஞ்சு அந்த கோட்டையும், ஸ்ப்ளிட் பின் இருக்கான்னும், ரப்பர் மூடி முறுக்காம இருக்கான்னும் பாருங்க. கோடு நகந்திருந்தா வண்டிய வெளிய எடுக்காதீங்க, அளவ சரி பாத்து நட்ட இறுக்கிட்டு நேரா அலைன்மென்ட்டுக்கு தான் ஓட்டணும்.